மல்லிக்குச் சென்னை, சம்பங்கிக்குப் புனே

காளியம்மன் சந்நிதியில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே பச்சை. தாம்பாளத்துக்கு முன்னால் நான். எனக்குப் பின்னால் அப்பா, அம்மா, பாக்கியம் அத்தை.

"கண்ண மூடி ஆத்தாள நெனச்சுக்கிட்டு ஒன்ன எடு தாயி" என்றார் பூசாரி மாமா.

கண்ணை மூடினேன். மூடிய அந்த நொடியில்தான் நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து செய்திருந்த தப்பு எனக்குத் தெரிந்தது.

அது என்ன தப்பு என்று சொல்வதற்கு முன் நான் எப்படி அங்கே போய் நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒன்றுக்கு இரண்டு

போன வாரம் கல்லூரி விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு, ‘சாம்பார் இருக்கட்டும், வேலை கிடைத்ததா இல்லையா?’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். கிடைத்தது. ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்தது. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் ஊருக்குச் சின்னாளப்பட்டியில் இறங்கி உள்ளே போக வேண்டும். வீட்டைச் சுற்றிப் பூந்தோட்டம். விடிவதற்கு முன்பே அம்மா நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு மல்லி மொட்டுப் பறிக்க இறங்கிவிடுவாள். அப்பா அதை மூட்டையாகக் கட்டி, மொபெட்டில் வைத்துத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். அந்தப் பூதான் என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தது.

முதல் வேலை சென்னையில். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த பெரிய கம்பெனி. பேரைச் சொன்னால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் தெரியும். என் வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் போனார்கள். என்ன வேலை என்பதைப் பயிற்சி முடிந்த பிறகு சொல்வார்களாம். எப்போது சேர வேண்டும் என்பதையும் பிறகு சொல்வார்களாம்.

இரண்டாவது புனேயில். நானாக இணையத்தில் தேடிப் பிடித்த சின்னக் கம்பெனி. அடுத்த மாதமே வந்து சேரச் சொன்னார்கள். அதன் பேரை அப்பாவால் கடைசிவரை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. சம்பளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் சொல்லி முடிவுக்கு வரவும் வழியில்லை.

எங்கள் வீட்டில் மாட்டுக்கொட்டகைப் பக்கம்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அங்கே நின்று இரண்டு மெயில்களையும் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் கண்ணால் பார்த்திராத இரண்டு ஊர்கள், என் பேரை இனிஷியல் விடாமல் எழுதி, வா என்று கூப்பிட்டிருந்தன. அப்பா பேரின் முதல் எழுத்து புனே வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாடு அசை போட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வானத்திலிருந்து எங்கள் கிணறு

புனேக்காரர்கள் வைத்த நேர்காணலைச் சொல்லாமல் நகர முடியாது.

வீடியோவில்தான் நடந்தது. சின்னாளப்பட்டியில் பாக்கியம் அத்தை வீட்டில் நெட் நன்றாக வரும் என்று அங்கே போய் உட்கார்ந்தேன். அத்தை அப்பாவின் தங்கை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்கக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினாள். அப்படியும் கேட்டது. விறுவிறுவென்று வெளியே போனாள்.

"எம் மருமக பரீட்ச எழுதுறா. செத்த நேரம் நிறுத்துங்கப்பு" என்று அவள் அதட்டுவது எனக்குக் கேட்டது. தறி நின்றுவிட்டது. நான் எச்சிலை விழுங்கும் சத்தம் எனக்கே கேட்கிற அளவுக்கு அமைதி.

எதிரே திரையில் இருந்தது ஒரு பெண். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். கேள்விகளை முடித்துவிட்டு, நீ ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். உங்கள் மென்பொருள் என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் பதிலுக்கு, உன் ஊர் எது என்றார். சொன்னேன்.

திரையில் இந்தியா வந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. திண்டுக்கல் மலைக்கோட்டை ஒரு சாம்பல் நிறக் கட்டியாகத் தெரிந்தது. மதுரை ரோடு கோடாக ஓடியது. ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதை வந்தது. அப்புறம் எங்கள் தோட்டம். கிணறு கறுப்புப் புள்ளியாக இருந்தது. வீட்டின் தகரக் கூரை வெயிலில் மின்னியது. மல்லிப் பாத்திகள் வகிடெடுத்து வாரிய தலை மாதிரி வரிசையாகத் தெரிந்தன.

அவர் எதையோ அழுத்தினார். தோட்டம் நிறம் மாறியது. தண்ணீர் போதுமான இடமெல்லாம் பச்சை, போதாத இடம் மஞ்சள். எங்கள் மேட்டுப் பாத்தி மஞ்சளாக இருந்தது. கோடையில் அந்தப் பாத்திக்குத்தான் தண்ணீர் ஏறாது. வானத்தில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்று எங்கள் மேட்டுப் பாத்தியின் தாகத்தைத் தெரிந்துவைத்திருக்கிறது. எனக்குப் பேச்சே வரவில்லை. வந்தபோது தமிழில் வந்தது.

"அய்யோ, எங்க தோட்டம்!"

அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் சிரித்தார்.

அவர் எனக்கு அனுப்பிய அந்தப் படத்தைப் பிறகு அம்மாவிடம் காட்டினேன்.

"யாருடி மேல ஏறி எடுத்தது?"

"சேட்டிலைட்டும்மா. வானத்துல இருந்து."

"நம்ம வீட்டையும் பாக்குறானா? கொடியில அம்புட்டுத் துணி காயுது. முன்னாடியே சொல்லிருந்தா எடுத்து வச்சிருப்பேன்ல."

அந்தப் படத்தை உருவாக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருக்க வேண்டும். அது தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. வெட்கமில்லாமல் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள்.

"மெட்ராஸுன்னா ராத்திரி பஸ் ஏறுனா விடிய வந்து நிப்பேன். அங்கன நான் எப்படிடி வருவேன்? யார்ட்ட வழி கேப்பேன்? ஒனக்கு ஒரு காச்சல்னா யாரு கஞ்சி வச்சுக் குடுப்பா?"

அம்மா அதிகபட்சம் போயிருந்தது சமயபுரம் வரைக்கும். தமிழைத் தவிர வேறு பேச்சு தெரியாது. நான் ஒரே பிள்ளை. அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்பாவிடம் யார் நியாயம் கேட்டாலும், "செத்த இரு, மோட்டாரப் போட்டுட்டு வாரேன்" என்று எழுந்து போய்விடுவார். அந்த வாரம் ஓடிய மாதிரி எங்கள் மோட்டார் எந்தக் கோடையிலும் ஓடியதில்லை.

சிநேகிதிகளைக் கேட்டேன். ‘பெரிய பேர்தான் முக்கியம்’ என்றாள் ஒருத்தி. ‘கற்றுக்கொள்வதுதான் முக்கியம்’ என்றாள் இன்னொருத்தி. முன்பின் தெரியாதவர்கள் போட்டிருந்த வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியது. இரண்டு கம்பெனிக்கும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அப்பா மெல்லச் சொன்னார்: "உத்தரவு கேட்டுருவோமா?"

பேச்சுக்கு இடமில்லை

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதுவா அதுவா என்று முடிவு செய்ய முடியாதபோது, வெள்ளைப் பூ ஒன்றுக்கு, சிவப்புப் பூ இன்னொன்றுக்கு என்று நினைத்துக்கொண்டு, தனித்தனியாக மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். பூஜை முடிந்ததும் யாராவது ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அது ஆத்தாளின் உத்தரவு. அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

எங்கள் வீட்டில் போர்வெல் எந்த மூலையில் போடுவது என்று அப்படித்தான் முடிவானது. பாக்கியம் அத்தைக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து மாப்பிள்ளை வந்தபோதும் செவ்வரளிதான் தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் மாமாவோடு சண்டை வந்தால் அத்தை மாமாவைத் திட்ட மாட்டாள். கோயில் இருக்கும் திசையைப் பார்த்து முறைப்பாள்.

கம்ப்யூட்டர் படித்தவள் இதற்குச் சம்மதிக்கலாமா என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், அப்பா அதைச் சொன்னபோது எனக்கு மூச்சு சீராக வந்தது. சென்னை வந்தால் ஆசையை நான் கைவிட்டதாக ஆகாது. புனே வந்தால் அம்மாவை நான் விட்டுப் போனதாக ஆகாது. எல்லாப் பழியும் ஆத்தாளுக்கு. அவளுக்கு ஏகப்பட்ட கை இருக்கிறது, தாங்குவாள் என்று நினைத்தேன்.

மொட்டுக்கு ஏது வாசம்?

வழக்கமாகப் பூசாரி மாமா வீட்டு வேலியிலிருந்து செவ்வரளியும் வெள்ளரளியும் பறிப்பார்கள். அம்மா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

"நம்ம தோட்டத்துல இம்புட்டுப் பூ இருக்கு. எம் பொண்ணு சோலிக்கு வேலிப் பூவக் கொண்டாந்து கட்டுறதா? மல்லிக்குச் சென்னை. சம்பங்கிக்குப் புனே."

"மதினி, ரெண்டும் வாசப் பூவு. காட்டிக் குடுத்துறாதா?" என்றாள் அத்தை.

"மொட்டாக் கட்டுவோம். உச்சிப் பூசையில சோலி முடிஞ்சுரும். அதுக்குள்ள என்னத்த வாசம் வரும்?"

பூ வளர்க்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். காலையில் பறிக்கிற மல்லி, இறுக்கமான வெறும் மொட்டு. முகர்ந்தால் பச்சை இலை வாசம்தான் வரும். பொழுது சாயத் தொடங்கும்போதுதான் அது வாய் திறக்கும். சின்ன வயதில், மார்க்கெட்டில் விலை போகாமல் திரும்பிய மல்லி மூட்டை வீட்டு மூலையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மத்தியானம் வரைக்கும் பேசாமல் கிடக்கும். சாயங்காலம் யாரும் தொடாமலே மூட்டை மெல்ல உப்பும். உள்ளே அத்தனை மொட்டும் ஒரே நேரத்தில் விரியும். செடியை விட்டு வந்த பிறகும் அதற்கு நேரம் எப்படித் தெரிகிறது என்று நான் அந்த மூட்டைக்கு எதிரே உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

சம்பங்கியும் அப்படித்தான். இருட்ட இருட்டத்தான் அதற்கு வாசம் ஏறும்.

ஆக, அம்மாவின் கணக்கு சரி. அவளும் அத்தையும் அன்றைக்குத் தலையில் பூகூட வைத்துக்கொள்ளவில்லை. காலையில் பறித்த மொட்டுகளை எங்கள் கண் முன்னாலேயே மடித்துக் கட்டினாள். பொட்டலங்களை முந்தானைக்குள் வைத்துக் குலுக்கி இடம் மாற்றினாள். வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதுக்குக் கோயிலுக்குப் போனோம்.

பூசாரி மாமா இல்லை.

நத்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாராம். கோயில் சாவியை மட்டும் தன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பொட்டலங்களை அம்மன் காலடியில் தாம்பாளத்தில் வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வைத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. போன் செய்யும்போதெல்லாம் மாமா, "இந்தா வந்துட்டேன், ரோட்டுக்கு வந்துட்டேன்" என்றார். பின்னால் சமையல் பாத்திரச் சத்தம் கேட்டபடியே இருந்தது.

பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தார். எங்கள் நாலு பேர் மனதிலும் சென்னை, புனே, திங்கட்கிழமை இவைதான் ஓடிக்கொண்டிருந்தன. வெயில் இறங்கியதைப் பார்த்தோம். விளக்கு ஏற்றியதைப் பார்த்தோம். பூவில் பிறந்து பூவில் வளர்ந்த குடும்பம், உள்ளே பூ இருப்பதை மறந்துவிட்டது.

இடது பக்கம், வலது பக்கம்

கண்ணை மூடினேன் என்று சொன்னேன் அல்லவா? கற்பூரப் புகையையும் விளக்கெண்ணெயையும் தாண்டி, இடது பக்கத்திலிருந்து சம்பங்கி கனமாக வந்தது. வலது பக்கத்திலிருந்து மல்லி. கதவைத் தட்டிப் பேரைச் சொல்வது போல இரண்டும் தெளிவாக வந்தன.

சட்டென்று கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தேன். அப்பா கோயில் மணியை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

தெரியாதவர் பூசாரி மாமா ஒருவர்தான். அவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம். தோட்டத்தையே கொண்டுவந்து கொட்டினாலும் அவர் மூக்குக்கு எட்டாது.

"என்ன தாயி, எடு."

"நான் எடுக்கல மாமா. அப்பா எடுக்கட்டும்."

அப்பா பதறிப்போனார். "எனக்குச் சளி. எனக்கு ஒன்னுந் தெரியாது."

"சளிக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார் பூசாரி மாமா.

அத்தை முந்தானைக்குள் இருமினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்தாள் தலையில் கட்டலாம் என்று தூக்கி வந்ததை, அவள் பேசாமல் என் கையிலேயே திருப்பிக் கொடுத்திருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் இனி அது நான் எடுத்ததுதான். நான் தெரிந்துதான் எடுத்தேன் என்பது என் அப்பா, அம்மா, அத்தை மூவருக்கும் தெரியும்.

"அவதான் எடுக்கணும். அவ சோலி" என்றாள் அம்மா.

மறுபடி கண்ணை மூடினேன். ‘யார்ட்ட வழி கேப்பேன்?’ என்று கேட்டவள் எனக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. என் ஆசையைத் தூக்கி அவள் முன்னால் எப்படி எடுத்து வைப்பேன்? என்னால் முடியவில்லை. சென்னைக்கே போய்விடுவோம் என்று முடிவு செய்தேன். கை வலது பக்கம் போனது. இலையின் குளிர்ச்சி விரலில் பட்டது.

"நில்லு."

அம்மாவின் குரல்.

கையை இழுத்துக்கொண்டேன்.

"அவசரப்படாத. இன்னொருக்கா சாமிய நல்லாக் கும்பிட்டு எடு."

பூசாரி மாமா, "அதுஞ் சரிதான், நிதானமா எடு தாயி" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு, கைகளைக் கூப்பி, பல்லைக் கடித்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. என் கை எந்தப் பக்கம் போனது என்பது அவளுக்குத் தெரியும். அவள் அத்தனை நாளும் கேட்டது அந்தப் பக்கம்தான் இருந்தது. கைக்கு வந்ததை அவளே தடுத்தாள்.

நான் மலைத்துப்போனேன். எத்தனையோ கோயில்களுக்குப் போயிருக்கிறேன். இப்போது பெரிய பெரிய ஊர்களையும் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு மலைப்பு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. ஒரு மனுஷி இவ்வளவு பெரியவளாக இருக்க முடியுமா என்று இருந்தது. அவளிடம் தினமும் குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை போட்டிருக்கிறேன்.

சாமியைக் கும்பிட்டேன். எந்தச் சாமியை என்று கேட்காதீர்கள். இடது பக்கப் பொட்டலத்தை எடுத்துப் பூசாரி மாமாவிடம் கொடுத்தேன்.

அவர் நாரை அவிழ்த்தார். சம்பங்கி வெள்ளை வெளேரென்று விரிந்திருந்தது. "ஆத்தா உத்தரவு குடுத்துட்டாப்பா!" என்று மணியை அடித்தார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை அழுதாள், சிரித்தாள், அப்புறம் மறுபடியும் அழுதாள்.

வெளியே வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. அம்மா இன்னொரு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வேப்பமரத்தடியில் என்னை நிறுத்தி, மல்லியைக் கிடுகிடுவென்று நாரில் கட்டி என் பின்னலில் செருகினாள். அவள் விரல்கள் என் கழுத்தில் பட்டன, சில்லென்று இருந்தன. பின்னால் நின்றபடியே கேட்டாள்.

"ஏன்டி, கண்ண மூடி நின்னப்ப ஒனக்கு வாசம் எதுவுந் தெரிஞ்சுச்சா?"

"இல்லம்மா."

"எனக்குந் தெரியல" என்றாள் அம்மா.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினாள்.

"சரி, போ. போயி அவுகளுக்கு மெயிலப் போட்டு விடு. பாத்துக்கிட்டு இருப்பாகல்ல."